நல்லது கெட்டது குரூப்

"என் சீப்பை எங்கடா வச்ச?"

மணிவண்ணன் அந்த வீட்டில் கடைசியாகத் தேடியது அதைத்தான். ஜன்னல் கம்பியில் சொருகியிருந்த கண்ணாடிக்கு முன்னால் குனிந்து நின்று, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டான். தம்பி அறிவரசன் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "சட்டைப் பையிலதான் இருக்கும், பாரு" என்றான். அங்கேதான் இருந்தது.

"இருக்கிறது நாலு முடி. அதைச் சீவ அரை மணி நேரம்" என்று அடுப்படியிலிருந்து மணிவண்ணனின் மனைவி வெற்றிச்செல்வி சொன்னாள்.

"இவன் சேர்மனுக்கு மட்டும் பேனர்ல கத்தை கத்தையா முடி நட்டு வுடறான். கூடப் பொறந்தவனுக்கு நாலு நட்டு வுடக்கூடாதா?"

"நீ சேர்மன் ஆவு, நட்டு வுடறேன்" என்றான் அறிவரசன்.

"ஆயிட்டாப் போச்சு. ஏம்மா, உன் ஓட்டு எனக்குத்தானே?"

அவர்களுடைய அம்மா ஆண்டாயி வாசலில் கோழிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். "முட்டிவலிக்கு மாத்திரை வாங்கிக் குடுத்தது அவரு. நீ என்னா வாங்கிக் குடுத்த?" என்றாள். மணிவண்ணன் சிரித்துக்கொண்டே வண்டியை உதைத்தான். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிற வேலை. ஏழு மணிக்குள் கிளம்பினால்தான் முதல் நடைக்குப் போய்ச் சேர முடியும்.

அன்று மார்ச் பதினாலு, வியாழக்கிழமை.

சேர்மன் என்று அவர்கள் சொன்னது கண்ணையனை. எந்த ஒன்றியத்துக்குச் சேர்மன் என்பது இங்கே வேண்டியதில்லை. சிறுவாச்சூரிலிருந்து உள்ளே போகிற ஊர்களில் சேர்மன் என்றால் அவர் ஒருவர்தான். பெரம்பலூரில் பேனர் அடிக்கிற கடை வைத்திருந்த அறிவரசன் ஐந்து வருஷமாக அவருக்கு வேலை பார்த்தான். பேனர் அடிப்பது அதில் பாதி வேலை. மறுபாதி என்னவென்று வெளியே யாருக்கும் சரியாகத் தெரியாது.

அறிவரசன் கையில் கிடைத்ததையெல்லாம் படிக்கிறவன். சேர்மனை ஒரு தடவை கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அழைத்துப் போனான். கோயில் சுவரில் இருந்த எழுத்தைக் காட்டி, "பாருங்க, ராஜா பேரு வர்றதுக்கு முன்னாடியே அவரு ஜெயிச்ச ஊரையெல்லாம் அடுக்கறாங்க. மெய்க்கீர்த்தின்னு பேரு. யாருக்கு என்ன குடுத்தாங்கங்கிறது அப்புறம்தான் வரும்" என்றான். சேர்மன் கொஞ்ச நேரம் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். "கல்லுல வெட்டிப்புட்டா எவனும் கிழிக்க முடியாதுல்ல" என்று மட்டும் சொன்னார். திரும்பி வரும்போது காரில் அறிவரசன்தான் அந்த யோசனையைச் சொன்னான். "ரோடு போட்டது யாருன்னு ஜனங்க மறந்துடுவாங்கண்ணே. சாவுக்கு முதல்ல வந்தது யாருன்னு மறக்க மாட்டாங்க."

அப்படிப் பிறந்ததுதான் 'நல்லது கெட்டது' என்கிற வாட்ஸ்ஆப் குரூப். ஊருக்கு இரண்டு பேர் அதில் இருந்தார்கள். டீக்கடைக்காரர், ஆட்டோக்காரர், பால் ஊற்றுகிறவர் இப்படி. யார் வீட்டில் வளைகாப்பு, யார் பையன் சிங்கப்பூர் போனான், யாருக்குப் பக்கவாதம், எல்லாம் அதில் வரும். வீட்டுக்கு ஒரு குறிப்பு என்று அறிவரசன் எழுதி வைத்தான். பிள்ளையை வீட்டில் என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள், எந்த முட்டியில் வலி, மாடு எப்போது செத்தது என்பதுவரை இருக்கும். கார் அந்த ஊருக்குள் நுழைவதற்குள் சேர்மனின் உதவியாளன் சுரேஷ்குமார் குறிப்பைப் படித்துக் காட்டுவான். சேர்மன் இறங்கும்போது எல்லாம் அவருக்கே ஞாபகத்தில் இருப்பது போல இருக்கும்.

அறிவரசனின் வீடு இருந்த காலனித் தெருவில் எத்தனையோ சாவுகள் நடந்திருக்கின்றன. பெரிய தெருக்காரர்கள் யாரும் அங்கே ஒரு வீட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்ததில்லை. தெருமுனையில் நின்று மாலையைக் கொடுத்து அனுப்பிவிட்டுப் போய்விடுவார்கள். கண்ணையன் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். அவர்கள் சொம்பில் தண்ணீர் வாங்கிக் குடித்தார். அதை எந்தக் கோணத்தில் படம் எடுக்க வேண்டும் என்று சொன்னவன் அறிவரசன்தான் என்றாலும், அவர் குடித்தது நிஜத் தண்ணீர்தான்.

நோயாளிகளுக்கு எண் போட்டதும் அவன்தான். ஒன்று என்றால் உடம்பு சரியில்லை, ஆள் விட்டு விசாரித்தால் போதும். இரண்டு என்றால் ஆஸ்பத்திரி, சுரேஷ்குமார் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு போவான். மூன்று என்றால் பிழைப்பது சந்தேகம். அப்போது சேர்மனே ஆஸ்பத்திரிக்குப் போன் பேசுவார். கடையில் கண்ணீர் அஞ்சலி பேனர் அடித்துச் சுருட்டி வைக்கப்படும். செய்தி வந்தவுடன் கட்ட வேண்டியதுதான். சொந்தக்காரர்கள் வந்து சேர்வதற்குள், எதிர்க்கட்சிக்காரர்கள் மாலை வாங்குவதற்குள், தெருமுனையில் சேர்மன் கைகூப்பி நின்றுகொண்டிருப்பார்.

மூன்று போட்டவர்களில் நாலு பேர் பிழைத்துக்கொண்டார்கள். அந்தப் பேனர்களைக் கடையில் வேலை செய்த வேணி, மழை ஒழுகுகிற இடத்தில் எழுத்து உள்ளே போகும்படி திருப்பிக் கட்டினாள். அறிவரசன் அதைப் பார்த்துச் சிரித்தான்.

வியாழக்கிழமை பதினோரு மணி இருக்கும். வளைவில் எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கப் போய் மணிவண்ணனின் லாரி கவிழ்ந்துவிட்டது என்று போன் வந்தது. அறிவரசனும் வெற்றிச்செல்வியும் திருச்சியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவனை நடையில் ஸ்ட்ரெச்சரில் போட்டிருந்தார்கள். முழங்காலுக்கு மேலே சுற்றியிருந்த கட்டு நனைந்திருந்தது. கண்ணைத் திறந்து வெற்றிச்செல்வியைப் பார்த்தான்.

"வயித்துக்குள்ள ரத்தக் கசிவு இருக்கு" என்றார் டாக்டர். "ஆபரேஷன் பண்ணணும். அதுக்கு முன்னாடி ரத்தம் ஏத்தணும். பி நெகட்டிவ். எங்ககிட்ட ரெண்டு யூனிட்தான் இருக்கு. இன்னும் மூணு யூனிட்டாவது வேணும். சீக்கிரம் ஆள் ஏற்பாடு பண்ணுங்க."

அந்த வகை ரத்தம் யாரிடம் இருக்கிறது என்று அறிவரசனுக்கு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. சேர்மன் பிறந்த நாளுக்கு நடக்கிற ரத்ததான முகாமின் பட்டியல் அவன் போனிலேயே இருந்தது. பி நெகட்டிவில் நாலு பேர். ஒரு பெயர் மணிவண்ணனுடையதே. மற்ற மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு வரும்படி அஜித்குமாருக்குப் போன் போட்டான். அஜித்குமார் அறிவரசனின் தெருப் பையன், அந்த மூவரில் ஒருவன், வாடகைக் கார் ஓட்டுகிறவன்.

"பத்து நிமிசத்துல கெளம்பறோம்ணே. மூணரைக்கு அங்க இருப்போம்" என்றான்.

அடுத்தது படுக்கை. தீவிர சிகிச்சைப் பிரிவில் இடமில்லை, காத்திருங்கள் என்றார்கள். அறிவரசன் சுரேஷ்குமாரைக் கூப்பிட்டான். "சேர்மன் ஒரு வார்த்தை பேசினாருன்னா பெட் கெடைக்கும்."

"ரெண்டா, மூணா?"

"ரெண்டுன்னு வச்சுக்க. ரத்தம் ஏத்தினா ஆபரேஷன் பண்ணுவாங்க."

"அறிவு, ரெண்டுக்கு அவரு போன் பேச மாட்டாருன்னு உனக்கு நான் சொல்லணுமா? நீ போட்ட சட்டம்தானேப்பா. நாளைக்கு இன்னொருத்தன் ரெண்டுக்குப் பேசச் சொல்லுவான். குரூப்புல போடு, நான் காட்டறேன்."

அறிவரசன் சுவரோரம் நின்று டைப் செய்தான். மணிவண்ணன், வயது 41, த/பெ இராமலிங்கம், காலனித் தெரு. வீட்டில் கூப்பிடுவது மணி. தகப்பன் இல்லாமல் தம்பியைப் படிக்க வைத்தவர். தாயார் ஆண்டாயி, வலது முட்டியில் வலி. வழக்கமாக எழுதுவதையெல்லாம் எழுதினான். கடைசியில் 3 என்று போட்டான். மணி ஒன்று நாற்பது.

வேலை நடந்தது. கால் மணி நேரத்தில் சேர்மன் பேசினார். இரண்டே காலுக்குப் படுக்கை கிடைத்தது. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனபோது வெற்றிச்செல்வி, "நல்ல மனுசன் தம்பி உங்க சேர்மன்" என்றாள். அறிவரசனுக்கு அப்போது நிம்மதியாகவே இருந்தது. மூன்று என்று போட்டது அவன் நினைவிலிருந்தே போய்விட்டது.

பெரம்பலூரில் வேணி அந்த மூன்றைப் பார்த்தாள். அழுதுகொண்டே, ரத்ததான முகாமில் எடுத்த படத்திலிருந்து மணிவண்ணனின் முகத்தை வெட்டி வைத்துப் பேனர் அடித்தாள். மறைவு என்று கேட்கிற இடத்தில் அன்றைய தேதியைப் போட்டாள். எப்போதும் அப்படித்தான் போடுவார்கள், நாள் மாறினால் மேலே ஒட்டிக்கொள்வார்கள். சுருட்டி வைக்கப் போனவளிடம் சுரேஷ்குமார் போனில் சொன்னான்: "சேர்மன் நாலு மணிக்கு மெட்ராஸ் கெளம்பறாரு. வர மூணு நாள் ஆவும். மத்தவனுங்க இப்பவே ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பிட்டானுங்களாம். கட்டிடச் சொல்லு. கட்டி முடிக்கிறதுக்குள்ள எப்படியும் சேதி வந்துடும்." இரண்டே முக்காலுக்குக் காலனித் தெருமுனையில் பேனர் ஏறியது. அதன் படத்தைச் சேர்மனின் ஸ்டேட்டஸில் சுரேஷ்குமார் வைத்தான்.

இதெல்லாம் அறிவரசனுக்குப் பிறகுதான் தெரிந்தது. மூன்றரை ஆனது. நாலு ஆனது. நர்ஸ் இரண்டு தடவை வெளியே வந்து, "ரத்தத்துக்கு ஆள் வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். நாலேகாலுக்கு அவன் அஜித்குமாரைக் கூப்பிட்டான்.

"எங்கடா வர்றீங்க?"

அந்தப் பக்கம் சத்தம் நிறைய இருந்தது. யாரோ மூங்கிலைப் பிடி பிடி என்றார்கள். 

"அண்ணே, நாங்க உங்க வூட்டுலதான் இருக்கோம். கவலைப்படாதீங்க. பந்தல் போட்டாச்சு. நாற்காலி சொல்லியிருக்கு."

"என்ன பந்தல்?"

அஜித்குமார் யாரிடமோ வேலையை நிறுத்தச் சொன்னான்.

"டேய், என்ன பந்தல்?"

"பாடாலூர் தாண்டிப் போயிட்டிருந்தோம்ணே. சேர்மன் ஸ்டேட்டஸ்ல பாத்தோம். உங்களுக்குப் போட்டேன், பிஸி பிஸின்னே வந்துது. இந்நேரத்துல உங்களைத் தொந்தரவு பண்ண வேணாம், வூட்டுல அம்மா தனியா இருப்பாங்கன்னு திரும்பிட்டோம்." அவன் குரல் இறங்கியது. "சேர்மன் பேனர் என்னைக்கும் தப்பாவாதேண்ணே."

வெற்றிச்செல்வி அறிவரசனின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனைக் கையிலிருந்து வாங்கினாள். ஒரு நிமிடம் கேட்டாள். பிறகு சத்தம் போடாமல் சொன்னாள்: "உங்க அண்ணன் உசுரோட இருக்காரு தம்பி. ரத்தம் வேணும். வாங்க."

அவர்கள் வந்து சேர ஆறே முக்கால் ஆகிவிட்டது. ரத்தம் எடுத்து, சோதித்து, ஏற்றி, ஆபரேஷன் நடந்தது. வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு மேல் மணிவண்ணன் இறந்துபோனான்.

டாக்டரிடம் அறிவரசன் ஒரே ஒரு கேள்வி கேட்டான். நாலு மணிக்கே ரத்தம் வந்திருந்தால்? டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உறுதியா ஒண்ணும் சொல்ல முடியாதுங்க. நல்லதா இருந்திருக்கும்" என்றார். பிழைத்திருப்பான் என்று சொல்லியிருந்தாலும், எப்படியும் போயிருப்பான் என்று சொல்லியிருந்தாலும் அறிவரசன் அதைப் பிடித்துக்கொண்டு காலத்தைத் தள்ளியிருப்பான். அவர் இரண்டையும் சொல்லவில்லை.

முந்தைய நாள் சாயந்தரம் அவிழ்த்துச் சுருட்டி வைத்த பேனரை அதே கயிற்றில் மறுபடி கட்டியிருந்தார்கள். உடம்பு ஏற்றிய வண்டி தெருவுக்குள் திரும்பும்போது அறிவரசன் முன்சீட்டிலிருந்து பார்த்தான். மறைவு 14 என்று இருந்தது. இறங்கியதும் சுரேஷ்குமாரிடம், "தேதி தப்பா இருக்கு" என்றான்.

"சின்னதாத்தானப்பா இருக்கு. யாரு பாக்கப் போறா" என்று சுரேஷ்குமார் அவன் தோளில் கை போட்டான். "சேர்மன் மெட்ராஸ் பயணத்தையே கேன்சல் பண்ணிட்டு வந்திருக்காரு. உள்ள போயி அம்மாவப் பாரு."

உள்ளே சேர்மன் தரையில் உட்கார்ந்து ஆண்டாயியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். 

"மணி மாதிரி ஒரு புள்ளைய நீ பெத்தியேம்மா. அப்பன் இல்லாத வூட்டுல தம்பியப் படிக்க வச்சு ஆளாக்குனவன். எவன் செய்வான் இந்தக் காலத்துல? நீ காலை மடக்கி உக்காராத, வலது முட்டி வலிக்கும். நீட்டிக்க, என்கிட்ட என்ன மரியாதை."

ஆண்டாயி காலை நீட்டிக்கொண்டாள். அழுதுகொண்டே பக்கத்தில் இருந்தவர்களிடம், "எம்புள்ளைய எப்படித் தெரிஞ்சு வச்சிருக்காரு பாருங்க" என்றாள். "வூட்டுல கூப்புடுற பேரு மொதக்கொண்டு தெரியுது. கூடப்பொறந்தவன் மாதிரில்ல வந்து உக்காந்திருக்காரு."

அறிவரசன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். சேர்மன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் ஆஸ்பத்திரிச் சுவரோரம் நின்று அவன் டைப் செய்தது. அதே வரிசையில்கூட வந்தது.

ஊரில் எல்லோரும் யாரோ ஆஸ்பத்திரியிலிருந்து தப்பாகச் செய்தி சொல்லிவிட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். அஜித்குமார்தான் நொறுங்கிப் போனான். பதினாறு நாளும் அந்த வீட்டுத் தண்ணீரை அவன்தான் பிடித்து ஊற்றினான். வெற்றிச்செல்வி வெளியே வரும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்துவிடுவான். ஒரு நாள் அறிவரசனிடம், "நான்தாண்ணே மணியண்ணனைக் கொன்னுட்டேன். இன்னொரு தடவை போன் போட்டிருக்கணும்" என்றான். அறிவரசன், "அப்படியெல்லாம் பேசாத" என்றான். மூன்று போட்டது நான் என்று அப்போது சொல்லியிருக்கலாம். அந்தப் பாரத்தை அவன் தலையில் விட்டுவிட்டு அறிவரசன் கடைக்குப் போனான்.

காரியம் முடிந்த மறுநாள் சுரேஷ்குமார் வந்தான். வெற்றிச்செல்விக்குச் சத்துணவில் சமையல் உதவியாளர் வேலைக்குச் சேர்மன் சொல்லியிருக்கிறார், ஒரு மாதத்தில் ஆர்டர் வரும் என்றான். போகும்போது அறிவரசனைத் தனியே கூப்பிட்டு, "நீ மூணு போட்டதை நான் யாருகிட்டயும் சொல்லல. நீயும் மனசப் போட்டு ஒழப்பிக்காத" என்றான். அன்பாகத்தான் சொன்னான். 

அன்று மத்தியானம் வெற்றிச்செல்வி சோற்றைப் போட்டு வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். 

"யாரு தம்பி மொதல்ல சொன்னது? ஆஸ்பத்திரில நீங்களும் நானுந்தானே இருந்தோம். எனக்கு அது ஒண்ணு மட்டும் தெரியணும்."

அறிவரசன் சொன்னான். குரூப்பைப் பற்றி, எண்களைப் பற்றி, படுக்கைக்காக இரண்டை மூன்றாக்கியதைப் பற்றி, எல்லாவற்றையும். அவள் அடிப்பாள் என்று நினைத்தான், அடித்தால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தான்.

"அந்தப் பெட்டு கெடச்சுதே, அதுக்காகவா?"

"ஆமாண்ணி."

"ரெண்டுன்னு போட்டிருந்தா?"

"நடையிலயே கெடந்திருப்பான். ஆனா ரத்தம் வந்திருக்கும்."

வெற்றிச்செல்வி எழுந்து தண்ணீர்ச் செம்பை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"அத்தைகிட்ட சொல்லிடாதீங்க" என்றாள். "பெரிய தெரு ஆளு நம்ம வூட்டுக்குள்ள வந்து உக்காந்து தன் புள்ளைக்காக அழுதாருன்னு பாக்கறவங்ககிட்டல்லாம் சொல்லுது. அதுக்கு அது ஒண்ணுதான் மிச்சம். அதையும் புடுங்கிடாதீங்க." பிறகு, "ஆர்டரும் வரணும்" என்றாள். "அஜித்துகிட்ட மட்டும் சொல்லிடுங்க. அந்தப் புள்ள பாவம்."

சாயந்தரமே அஜித்குமாரிடம் சொன்னான். அஜித்குமார் கேட்டுவிட்டுக் கார்ச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான். "இத்தினி நாளு ஏண்ணே சொல்லல?" என்று மட்டும் கேட்டான். அதன் பிறகு எதிரில் பார்த்தால் வணக்கம் வைப்பான், நின்று பேசுவதில்லை.

அறிவரசன் குரூப்பிலிருந்து வெளியேறினான். அதே நாளில் சுரேஷ்குமார் வேறொருவனைச் சேர்த்துக்கொண்டான். எண்கள் அப்படியே இருக்கின்றன என்று கேள்வி. சேர்மனின் பதவிக்காலம் முடிந்து, தேர்தல் இன்னும் வராமல் இருக்கிறது. ஜனங்களுக்கு இன்றைக்கும் அவர்தான் சேர்மன். வெற்றிச்செல்விக்கு ஆர்டர் வந்தது. காலையில் எட்டு மணிக்குப் பள்ளிக்கூடம் போகிறாள். அறிவரசனுக்குச் சோறு போடுகிறாள், துணி துவைத்துக் கொடுக்கிறாள், தம்பி என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். அவன் இப்போது பள்ளி அடையாள அட்டையும் கல்யாணப் பத்திரிகையும் அடிக்கிறான். கண்ணீர் அஞ்சலிக்கு யாராவது வந்தால் பக்கத்துக் கடைக்கு அனுப்பிவிடுகிறான்.

ஆண்டாயி அந்தப் பேனரில் மகன் முகமும் தேதியும் இருந்த பகுதியை மட்டும் கத்தரித்து எடுத்துச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். படிக்கத் தெரியாது, ஆனால் எண் தெரியும். வருஷா வருஷம் மார்ச் பதினாலு அன்று கோழி அடித்து, அவனுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பும் வைத்து, இலை போட்டுப் படைக்கிறாள். வெற்றிச்செல்வி பக்கத்தில் நின்று சாம்பிராணி போடுகிறாள். முதல் வருஷம் அறிவரசன், "நாளைக்குச் செய்யலாம்மா" என்று சொல்லிப் பார்த்தான். "அவரு போட்ட தேதி தப்பாவா இருக்கும்?" என்றாள் ஆண்டாயி. அதன் பிறகு அவன் சொல்வதில்லை. இலைக்கு முன்னால் உட்கார்ந்து கும்பிட்டுவிட்டு எழுந்து வருகிறான்.

பீரோவில் வைத்திருக்கிற இறப்புச் சான்றிதழில் தேதி மார்ச் பதினைந்து. நேரம் காலை ஏழு பத்து.